சிவக்காத சர்பத்து

அத்தியாயம் பதினொன்று

அண்ணன் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கை நனைக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். போன கிழமை அருமைநாயகி வெத்திலைத் தட்டத்தோடு தெருவால் சுற்றிப் போய்க் கண்டது அவ்வளவுதான்.

அந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில்தான் அவளுடைய மகளின் கலியாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

மீனாம்பிகைக்கு வட்டுக்கோட்டையில் மாப்பிள்ளை முற்றாகிவிட்டது. பந்தலுக்குத் தென்னோலைக் கிடுகு வந்து இறங்கிவிட்டது. ஆனால் பெண்ணின் தலையில் பாலில் நனைத்த அறுகம்புல்லை, பாலறுகை, வைத்துத் தேங்காய் உடைக்க அம்மான் வேண்டும். தாயோடு கூடப் பிறந்த ஆண் வேண்டும். அருமைநாயகிக்கு இருப்பது ஒரேயொரு அண்ணன், நமசிவாயம் வாத்தியார். பக்கத்து வளவில்தான் இருக்கிறார். அவர் தும்மினால் இவள் குசினியில் கேட்கும். றப்பர் விலை விழுந்த வருஷத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

கோப்பாய் ஊரில் கோபக்காரர் வீட்டுக்கு வருவது பெரிய காரியமில்லை. வருவார்கள், இருப்பார்கள், மழையைப் பற்றிக் கதைப்பார்கள், எழும்பிப் போவார்கள். அந்த வீட்டில் ஒரு மிடறு குடித்தால்தான் கோபம் முடிந்ததென்று அர்த்தம். குடிக்காதவர் வந்ததும் ஒன்றுதான், வராததும் ஒன்றுதான். அப்படிப்பட்டவர் பெண்ணின் தலையில் கை வைக்க வரமாட்டார். வந்தாலும் ஊர் சிரிக்கும்.

ஆகவே இன்று காலை அண்ணன் அவள் வீட்டில் ஒரு மிடறு குடிக்கவேண்டும். அருமைநாயகிக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

சண்டை ஒரு தேசிமரத்தால், ஒரு எலுமிச்சை மரத்தால், வந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். இதைவிடச் சின்னக் காரியத்துக்குக் கோடு ஏறி வழக்காடினவர்கள் கோப்பாயில் இருக்கிறார்கள்.

மரம் இரண்டு வளவுக்கும் நடு எல்லையில் நின்றது. ஒரு வருஷம் வேலி அடைக்கும்போது அருமைநாயகியின் புருஷன் முருகேசு மரத்துக்கு அந்தப் பக்கத்தால் வேலியை அடைத்து, மரத்தைத் தன் வளவுக்குள் எடுத்துவிட்டார். அடுத்த நாள் வாத்தியார் ஆள் பிடித்து மரத்துக்கு இந்தப் பக்கத்தால் ஒரு வேலி அடைத்து, மரத்தைத் தன் வளவுக்குள் எடுத்துவிட்டார். அடைத்ததைப் பிடுங்கினால் கோட்டுக்குப் போகவேண்டி வரும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒருவரும் பிடுங்கவில்லை.

முடிவில் முருகேசுவின் வேலி வாத்தியாரை மரத்துக்குக் கிட்ட விடவில்லை. வாத்தியாரின் வேலி முருகேசுவை விடவில்லை. இரண்டு வேலிக்கும் நடுவில், ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கக்கூடிய ஒடுங்கிய துண்டு நிலத்தில், அந்த மரம் ஒருவருக்கும் சொந்தமில்லாமல் காய்த்துத் தள்ளியது. காய் விழுந்து அழுகியது. இரண்டு வீடும் தேசிக்காயைப் பக்கத்து ஊர்த் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கின.

"அம்மா, இவ்வளவு பூக் காணுமோ?"

மீனாம்பிகை கடகத்தைக் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்தாள். கடகம் நிறையச் செவ்வரத்தம்பூ, சிவப்புச் செம்பருத்தி. பனி காயாத பூக்கள், ஒற்றை இதழ்ச் சாதி.

"காணும். காம்பையும் நடுத்தண்டையும் பிடுங்கி எறி. இதழ் மட்டும்தான் வேணும்."

"பிள்ளையாருக்கு ஒரு பூக்கூட மிச்சம் விடேல்லை."

"பிள்ளையார் கோவிக்கமாட்டார். உன்ரை அம்மான் கோவிப்பார்."

மீனாம்பிகை சிரித்தாள். கலியாணப் பெட்டை என்று அடக்கமாக இருக்கச் சொல்லிப் பார்த்தும் அவளுக்கு அது வரவில்லை. வாய் தாயின் வாய். பிடிவாதம் அம்மானின் பிடிவாதம். அதை மட்டும் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

செவ்வரத்தைச் சர்பத்து என்ற யோசனை அருமைநாயகிக்குச் சும்மா வரவில்லை.

வாத்தியார் தேத்தண்ணி குடிப்பதில்லை. கோப்பி குடிப்பதில்லை. சீனி தொடுவதில்லை. எல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு என்பார். அதனால் யார் வீட்டிலிருந்தும் வெறும் வாயோடு எழும்பிப் போவது அவருக்குச் சுகம். ஒருவரும் குறை சொல்லமுடியாது.

ஆனால் போன மாதம் தேயிலைக் கொம்பனிக்காரர் ஒரு மோட்டார் வானில் வந்து, சந்தியில் நின்று, போகிற வருகிற சனத்துக்கெல்லாம் சும்மா தேத்தண்ணி ஊற்றினார்கள். வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. வாசிகசாலை வாசலில் கூட்டம் போட்டார்.

"எங்கடை வேலியிலை பூக்கிற செவ்வரத்தையை விட்டிட்டு உந்தச் சருகை அவிச்சுக் குடிக்கிறியளே!" என்று முழங்கினார். "பூவிலை கொதிதண்ணி விடுங்கோ. இஞ்சி, ஏலம், கறுவா, கராம்பு தட்டிப் போடுங்கோ. அதைவிட என்ன வேணும்?"

அந்த இடத்தில் வான்காரன் கிராமபோனைப் போட்டான். கூட்டம் கலைந்து சந்திக்குப் போய்விட்டது. முருகேசுதான் முன்னால் போனார். இரண்டு கோப்பை குடித்தார். வாத்தியார் மிச்சத்தைச் சொல்லாமலே கீழே இறங்கினார்.

அருமைநாயகி மட்டும் பெண்கள் பக்கத்தில் கடைசிவரை நின்றாள். அண்ணன் தன் வாயால் சொன்ன சரக்கை வேண்டாமென்று எப்படிச் சொல்வார்? ஊரே கேட்ட வாய். பொறியை அவரே செய்து தந்துவிட்டார். எலிக்குத் தேங்காய்ச் சொட்டு வைக்கவேண்டியது மட்டும்தான் பாக்கி.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. இஞ்சியை அம்மியில் நசுக்கினாள். ஏலத்தையும் கராம்பையும் தட்டினாள். கறுவாப்பட்டையைக் கையால் முறித்துப் போட்டாள். குசினி முழுக்க ஒரு வாசம் எழும்பியது. திருவிழாக் கடைத்தெருவில் நடக்கிற மாதிரி இருந்தது. வெளியே கிடந்த நாய்கூட எழும்பி மூக்கை நீட்டியது.

சட்டியை இறக்கி, இதழ்களைக் கொட்டி, தட்டால் மூடினாள்.

"எவ்வளவு நேரம் வைக்கிறது?"

"உன்ரை அம்மான் அதைச் சொல்லேல்லை."

"பின்னை?"

"பூ வெளுக்கும்வரைக்கும் வைப்பம். பூவிலை இருக்கிற சாயம் தண்ணிக்குப் போனால் சரிதானே."

தாயும் மகளும் சட்டிக்கு இரண்டு பக்கமும் குந்தியிருந்தார்கள். அடிக்கடி தட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். இதழ்கள் சீலைத் துண்டுபோல வெளுத்தன. தண்ணீர் நல்ல நாவல்பழ நிறமாக வந்தது. அருமைநாயகி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். உறைப்பு இருந்தது, வாசம் இருந்தது, இனிப்பு இல்லை.

"பனங்கட்டி போடட்டோ?"

"போட்டால் நிறம் மண்ணாப் போகும். வடிவா இருக்கவேணும். பார்த்த உடனை கை நீட்டவேணும்."

அதற்கும் அவள் வழி யோசித்து வைத்திருந்தாள். விடியவே பனையிலிருந்து இறக்கிய கருப்பநீர், புளிக்காத பனஞ்சாறு, ஒரு மண்முட்டி நிறைய மூலையில் இருந்தது. தண்ணீர்போலத் தெளிவு, தேன்போல இனிப்பு, சீனி இல்லை. அண்ணன் ஒரு குற்றமும் பிடிக்கமுடியாது.

சட்டியை வடித்தாள். முட்டியைச் சரித்தாள்.

கருப்பநீர் விழுந்த இடத்தில் அந்த நிறம் கறுத்தது. பிறகு நீலம் பாய்ந்தது. அவள் அகப்பையால் ஒரு சுற்றுச் சுற்றினாள். சட்டி முழுக்கப் பச்சையாகிவிட்டது.

இலைப் பச்சைகூட இல்லை. பாசி பிடித்த கேணித் தண்ணீர் மாதிரி ஒரு பச்சை.

இருவரும் சட்டிக்குள் குனிந்து பார்த்தார்கள்.

"அம்மா," என்றாள் மீனாம்பிகை, "இதுக்குள்ளை தவளை பாயாதோ?"

"வாயை மூடடி."

"குடிக்கக் குடுக்கப்போறியளோ, கண்ணுக்கு விடக் குடுக்கப்போறியளோ?"

முருகேசு வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். அவரை வாய் திறக்காமல் விறாந்தையில் இருக்கச் சொல்லியிருந்தது. வாய் திறந்தார்.

"இஞ்சேரும், குங்குமம் கொஞ்சம் கரைச்சு விடுமன்."

"நீங்கள் குடிப்பியளோ குங்குமத் தண்ணி?"

"நானேன் குடிக்கிறன்? அத்தானுக்குத்தானே."

அருமைநாயகி அகப்பையைத் தூக்கினாள். முருகேசு திரும்பி விறாந்தைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"வந்திட்டார். வாசல் படலையடியிலை நிக்கிறார்."

அருமைநாயகி வேலியைப் பார்த்தாள். திரும்பச் செய்யப் பூ இல்லை. வேலியில் மொட்டைக் கொப்புத்தான் நின்றது. தேத்தண்ணி கொடுத்தால் எழும்பிப் போவார். வெறும் தண்ணீர் கொடுத்தால் விடாயில்லை என்பார். சட்டியைத் தட்டால் மூடி, முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நமசிவாயம் வாத்தியார் கதிரையின் நுனியில் இருந்தார். வெளுத்த வேட்டி, தோளில் மடிப்புக் குலையாத வெள்ளைச் சால்வை. குடையைக் கையில் இருந்து கீழே வைக்கவில்லை. அப்படி இருப்பவர் எந்த நேரமும் எழும்பலாம்.

"வாங்கோ அண்ணை."

"ஓம். வந்தனான்."

"மச்சாள் வரேல்லையோ?"

"கோயிலுக்குப் போட்டா. அவ வர முந்தி நான் வீட்டை போகவேணும். கதைக்க மட்டும்தான் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்." குடையைத் தரையில் ஊன்றினார். "அருமை, ஒளிவு மறைவில்லாமல் சொல்லுறன். பெட்டையிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை. கலியாணத்துக்கு வருவன், பந்தலிலை ஒரு பக்கத்திலை இருப்பன். பாலறுகு வைக்க வேறை ஆளைப் பார்."

"வேறை அண்ணன் எனக்கு எங்கை கிடக்கு?"

"சித்தப்பாவின்ரை பெடியன் ஒருதனைப் பிடி."

"ஓம், சந்தையிலை விக்கிறாங்கள். போய் வாங்கியாறன்."

வாத்தியாரின் மீசை ஒரு பக்கம் கொஞ்சம் அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். உடனே நேராக்கிக்கொண்டார். குடையோடு எழும்பினார்.

அந்த நேரத்தில்தான் முருகேசு வாய் திறந்தார். பயத்தில் உளறுகிற மனிதர். ஆனால் அன்றைக்கு அவர் உளறியது நல்லதாகப் போயிற்று.

"அத்தான், உங்களுக்கெண்டு செவ்வரத்தைச் சர்பத்துப் போட்டவ. பச்சையாப் போச்சு."

எழும்பின வாத்தியார் நின்றார்.

"என்ன பச்சை?"

"பச்சைப் பச்சை. பாசி மாதிரி."

"செவ்வரத்தை எப்பிடிப் பச்சையாப் போகும்?"

"அதுதானே எனக்கும் விளங்கேல்லை."

வாத்தியார் அருமைநாயகியைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள். அவர் குடையைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டு, அவளைக் கடந்து, நேரே குசினிக்குள் போனார். கை நனைக்க வராத மனிதர் இத்தனை வருஷத்துக்குப் பிறகு தங்கையின் அடுப்படியில் குனிந்து சட்டியைத் திறந்தார். மீனாம்பிகை ஒதுங்கி வழி விட்டாள். தாயைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள்.

"என்னென்ன போட்டனீ?"

"நீங்கள் கூட்டத்திலை சொன்னதுதான். பூ, இஞ்சி, ஏலம், கறுவா, கராம்பு."

"இனிப்புக்கு?"

"கருப்பநீர். சீனி தொடமாட்டியள் எண்டு..."

வாத்தியார் கையால் நெற்றியில் அடித்தார். "எடி விசரி! கள்ளாப் போகாமல் இருக்க முட்டிக்குள்ளை சுண்ணாம்பு பூசியெல்லோ கருப்பநீர் இறக்கிறது? செவ்வரத்தையிலை சுண்ணாம்பு பட்டால் பச்சையாப் போகாமல் என்ன செய்யும்? புளி விட்டால் திரும்பச் சிவக்கும். தேசிப்புளி விடவேணும் எண்டு நான் வாசிச்ச புத்தகத்திலை வடிவாக் கிடக்கு."

"இதைக் கூட்டத்திலை சொல்லியிருக்கலாமே அண்ணை."

"சொல்ல வெளிக்கிடத்தான் உன்ரை மனிசன் சனத்தைக் கூட்டிக்கொண்டு தேத்தண்ணிக்கு ஓடினவர்!"

விறாந்தையில் ஒரு கதிரை அசைந்தது.

"அப்ப வீட்டிலை செய்து குடிக்கிறனீங்கள்," என்றாள் மீனாம்பிகை.

வாத்தியார் மருமகளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நான் இன்னும் குடிச்சுப் பார்க்கேல்லைப் பிள்ளை. உன்ரை மாமிக்குத் தேத்தண்ணி இல்லாமல் விடியாது. இதைச் செய்யச் சொன்னால், நீங்களே அவிச்சுக் குடியுங்கோ எண்டா."

மீனாம்பிகை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அருமைநாயகிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கினாள். சிரிக்க இன்னும் நேரம் வரவில்லை.

"பழப்புளி கரைச்சு விடட்டோ?"

"ரசமாப் போகும். தேசிப்புளிதான் வேணும்."

"வீட்டிலை இல்லை. இவர் திருநெல்வேலிக்குப் போய் வர மத்தியானமாகும்."

"மத்தியானம் வரைக்கும் நான் நிக்கேலாது."

குசினியின் பின்கதவு திறந்து கிடந்தது. அதற்கு நேரே வேலி. வேலிக்கு மேலே அந்த மரம். காய்கள் மஞ்சள் மஞ்சளாகக் கொத்தாகத் தொங்கின. ஒருவரும் அதன் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்தார்கள்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

"இந்தப் பக்கத்து வேலி நான் அடைச்சது. நானே பிரிக்கலாம்."

"பிரியுங்கோ."

"பிரிச்சுப் போய் ரெண்டு காய் பிடுங்கிறன்."

"ஆற்றை காய் எண்டு பிடுங்கப்போறியள்?"

"என்ரை மரத்துக் காய், என்ரை காய்."

"அப்ப எனக்கு வேண்டாம்," என்றாள் அருமைநாயகி. "என்ரை வீட்டிலை வந்த ஆளுக்கு அவரின்ரை காயிலையே சர்பத்துப் போட்டுக் குடுத்தால் அது என்ரை சர்பத்தில்லை."

"சரி, நீ போய்ப் பிடுங்கு."

"நான் பிடுங்கினால் என்ரை காய்."

"உன்ரை காய் எண்டால் நான் குடிக்கமாட்டன். குடிச்சால் மரம் உன்னுடையது எண்டு நான் ஒத்துக்கொண்ட மாதிரி."

"அப்ப பச்சையாவே கிடக்கட்டும்!"

"கிடக்கட்டும்!"

சட்டிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். இருவருக்கும் ஒரே மூக்கு. கோபம் வந்தால் ஒரே மாதிரி விடைக்கும். அருமைநாயகிக்குத் தான் செய்கிற மோட்டு வேலை நன்றாகத் தெரிந்தது. கைக்கு எட்டிய அண்ணனைத் தன் வாயாலேயே துரத்திக்கொண்டிருக்கிறாள். தெரிந்தும் அவளால் ஒரு சொல் இறங்கிப் பேச முடியவில்லை. இறங்கிப் பேசியிருந்தால் அவள் அந்தக் குடும்பத்தில் பிறந்தவளாக இருக்கமாட்டாள்.

வெளியே கிடுகு கிழிகிற சத்தம் கேட்டது.

இருவரும் திரும்பினார்கள். மீனாம்பிகையைக் குசினிக்குள் காணவில்லை. வாத்தியார் அடைத்த வேலியின் அடியில் ஒரு ஓட்டை. முருகேசு கிடுகை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டையால் மகளின் இரண்டு பாதமும் உள்ளே போய் மறைந்தன.

"எடியே! முள்ளு மரமடி! முகத்திலை கீறினால் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்லுறது?"

"பூனை பிறாண்டினது எண்டு சொல்லுங்கோ!" வேலிக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

மரம் குலுங்கியது. காய்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. வாத்தியார் வேலியடிக்கு ஓடி வந்தார். சால்வையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"பிள்ளை, கொப்பைப் பிடிக்காதை! காம்பைத் திருகு!"

"திருகிறன் அம்மான்!"

மீனாம்பிகை ஊர்ந்து வெளியே வந்தாள். தலையில் சருகு, முழங்கையில் கீறல், மடி நிறையத் தேசிக்காய். முகத்தில் ஒன்றும் படவில்லை.

"ஆற்றை காயடி இது?" என்று கேட்டாள் அருமைநாயகி.

"என்ரை."

"ஆர் தந்தது?"

"ஒருதரும் தரேல்லை. நானாப் பிடுங்கினன்."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். கத்தி பலகையில் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது.

அருமைநாயகிக்கு அது பொறுக்கவில்லை. "கலியாணப் பெட்டை தானாப் பிடுங்கினாள் எண்டு ஊர் கதைக்கப்போகுது. தாய் குடுக்கேல்லையோ எண்டு கேக்கப்போகுது. நான் குடுக்கிறன். சீதனத்தோடை அந்த மரத்தையும் அவளுக்கு எழுதிறன்."

"என்ரை மரத்தை நீ எப்பிடி எழுதுவாய்?" என்றார் வாத்தியார். "எழுதிறதெண்டால் நான் எழுதவேணும்."

"சீதனம் குடுக்கிறது தாய்."

"தாய் குடுக்கிறதைக் குடு. மரத்தை நான் குடுப்பன். நான் அம்மான்!"

சொன்ன பிறகு அவர் நின்றுவிட்டார். யாரோ பின்னாலிருந்து தோளில் தட்டின மாதிரி நின்றார். இவ்வளவு நேரமும் வேறு ஆளைப் பார் என்று சொன்ன வாய்.

அருமைநாயகி ஒன்றும் பேசவில்லை. அவள் வாழ்நாளில் கெட்டித்தனமாகச் செய்த காரியங்கள் குறைவு. அதில் இது ஒன்று.

"எழுதிறதை ரெண்டு பேரும் எழுதுங்கோ," என்று உள்ளேயிருந்து மீனாம்பிகை சொன்னாள். "முதலிலை இதை வந்து பாருங்கோ. கெதியா!"

மூன்று பேரும் குசினிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். மீனாம்பிகை சட்டிக்கு மேலே பாதித் தேசிக்காயைப் பிடித்துப் பிழிந்தாள். சாறு விழுந்த இடத்தில் பச்சை கலங்கியது. இன்னொரு பாதியைப் பிழிந்தாள். கலங்கின இடத்தில் ஒரு சிவப்பு நூல் ஓடியது. அது பரந்தது. அவள் பிழியப் பிழியச் சிவப்பு சட்டியின் ஓரம்வரை போய் மோதியது. பாசி போன இடம் தெரியவில்லை. கூறைச் சேலைச் சிவப்பு. அடுப்பு வெளிச்சம் பட்டுக் கண்ணைப் பறித்தது.

"ஐயோ!" என்று முருகேசு கை தட்டினார். வளர்ந்த மனிதர், புகையிலைத் தோட்டக்காரர், குழந்தைப் பிள்ளைபோலக் கை தட்டினார்.

"நான் சொன்னனானெல்லோ!" என்றார் வாத்தியார். அவருடைய குரலில்தான் ஆகக் கூடிய ஆச்சரியம் இருந்தது. புத்தகத்தில் இருந்தது உண்மையென்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

அருமைநாயகி சீலைத் துண்டால் சர்பத்தை ஒரு தரம் வடித்து, வெண்கல மூக்குப்பேணியில் வார்த்தாள். வாய் படாமல் குடிக்க மூக்கு வைத்த பேணி, வந்தவர்களுக்கென்று வைத்திருப்பது. விளிம்புவரை வார்த்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அண்ணை."

வாத்தியார் பேணியைப் பார்த்தார். வேலி ஓட்டையைப் பார்த்தார். முழங்கைக் கீறலை நக்கிக்கொண்டு நின்ற மருமகளைப் பார்த்தார்.

"இது ஆற்றை காயிலை போட்ட சர்பத்து?"

"என்ரை," என்றாள் மீனாம்பிகை.

"மருமகளின்ரை காய் எண்டால் சரி," என்றார் வாத்தியார்.

வாங்கினார். அண்ணாந்தார். பேணியின் மூக்கிலிருந்து சிவப்பு நூலாக இறங்கியது. தொண்டைக்குண்டு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. அருமைநாயகி அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கோப்பாய்ச் சந்தியில் ஏறி நின்று கூவவேண்டும்போல இருந்தது. என் அண்ணன் என் வீட்டில் குடிக்கிறார், வந்து பாருங்கள் என்று கூவவேண்டும்போல இருந்தது.

பேணி வெறுமையாயிற்று. வாத்தியார் மீசையைத் துடைத்தார்.

"இஞ்சி கூடிப்போச்சு."

"ஓம் அண்ணை."

"கறுவா காணாது."

"ஓம் அண்ணை."

"இன்னும் கொஞ்சம் விடு."

அவள் விட்டாள். முருகேசுவுக்கும் விட்டாள். முருகேசு ஒரு மிடறு குடித்துவிட்டு, தேத்தண்ணிக்கு இது கிட்ட நிற்கும் என்றார். வாத்தியார் அதைக் கேட்டும் கேளாதவர்போல இருந்தார். பேணியோடு விறாந்தைக்கு வந்து கதிரையில் நன்றாகச் சாய்ந்தார். குடை நிலத்தில் விழுந்து கிடந்தது. பந்தலை எந்தப் பக்கம் போடுவது, மேளக்காரருக்கு யார் சொல்வது, பாலறுகுக்கு அறுகம்புல் எந்த வயலில் நல்லது என்று வாத்தியாரே கதைத்தார். மற்றவர்களுக்குத் தலையாட்டுவதுதான் வேலை. அருமைநாயகி வயிறு நிறையச் சாப்பிட்டவள்போலத் தலையாட்டினாள்.

படலை கிறீச்சிட்டது.

பத்மாவதி மச்சாள். கோயிலால் நேரே வந்திருந்தாள். நெற்றியில் திருநீறு காயவில்லை. கையில் அருச்சனைத் தட்டு.

"இஞ்சேருங்கோ! கதைச்சு முடிஞ்சுதோ, இல்லையோ?"

வாத்தியார் ஒரு பள்ளிக்கூடத்தையே சத்தமில்லாமல் இருத்தி எழுப்பக்கூடியவர். அவர் செய்த காரியம் இதுதான்: பேணியைச் சால்வைக்குள் ஒளித்தார். பேணிக்கு மூக்கு இருக்கிறது என்பதை மறந்துவிட்டார். வெள்ளைச் சால்வையில் நெஞ்சிலிருந்து வயிறுவரை ஒரு சிவப்பு இறங்கியது.

பத்மாவதி விறாந்தைக்கு ஏறினாள். சால்வையைப் பார்த்தாள்.

"அதென்ன?"

வாத்தியார் சால்வையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"கதைக்க மட்டும்தான் போறன் எண்டு சொன்ன மனிசன்," என்றாள். பிறகு பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். வேலி ஓட்டையைக் கண்டாள். மீனாம்பிகையின் மடியில் மிச்சமிருந்த தேசிக்காயைக் கண்டாள். முகம் மாறியது. "உதை ஆர் பிடுங்கினது?"

"நான் மாமி," என்றாள் மீனாம்பிகை. "அம்மாவும் அம்மானும் அந்த மரத்தை எனக்கு எழுதித் தரப்போயினமாம்."

"ஓகோ. எழுதித் தரப்போயினமோ?" பத்மாவதி அருச்சனைத் தட்டைக் கதிரைப் பலகையில் வைத்தாள். "அண்ணனும் தங்கச்சியும் என்ரை மரம் என்ரை மரம் எண்டு இவ்வளவு காலமும் அடிபட்டியள். அந்த மரத்தை ஆர் நட்டது எண்டு ஒருதராவது கேட்டனீங்களோ?"

வாத்தியார் மனைவியைப் பார்த்தார். முருகேசு வாத்தியாரைப் பார்த்தார். ஒருவரும் கேட்டதில்லை.

"நான் நட்டனான்," என்றாள் பத்மாவதி. "ஏன் அந்த எல்லையிலை கொண்டுபோய் நட்டனான், ஆர் என்னை அங்கை நடச் சொன்னது எண்டு தெரிஞ்சால் உங்களிலை ஒருதரும் அந்தக் காயைத் தொடமாட்டியள்."

அவள் எதிர்க் கதிரையை இழுத்துப் போட்டு, எல்லோருக்கும் நேரே இருந்தாள். எழும்புகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

அருமைநாயகிக்குப் பயம் வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. மச்சாள் வந்திருப்பது சண்டைக்கு. ஆனால் மச்சாள் இருப்பது இந்த வீட்டுக் கதிரையில். கதை நீளமாக இருக்கும்போலத் தெரிந்தது. நீளக் கதை சொன்னால் யாருக்கும் தொண்டை காயும்.

அவள் குசினித் தட்டிலிருந்து இன்னொரு மூக்குப்பேணியை எடுத்துவந்து துடைத்தாள்.

"சொல்லுங்கோ மச்சாள்," என்றாள். "அவசரமில்லை. முதலிலை இருந்து சொல்லுங்கோ."